இரண்டாவது குளியலறை: உயரம், வாட்டம், காற்று

தமிழ்நாட்டு நகரங்களில் மாடி வீட்டில் வாழ்வோர் பலரும் ஒரு முரண்பாட்டைக் கவனித்திருப்பர். தண்ணீர்த் தொட்டி மொட்டை மாடியில் இருக்கிறது. அதற்கு நேர் கீழே, ஒரு தளத்தின் இடைவெளியில், முதல் மாடிக் குளியலறை இருக்கிறது. ஆயினும் அங்குள்ள ஷவரில் நீர் நூலாக வடிய, தொட்டியிலிருந்து இன்னும் ஒரு மாடி தள்ளியிருக்கும் தரைத்தளக் குழாயிலோ நீர் பீறிட்டுப் பாய்கிறது. அருகில் இருப்பதற்குக் குறைவாகவும் தொலைவில் இருப்பதற்கு மிகுதியாகவும் நீர் கிடைப்பது ஏன்?

இதற்கு இணையான இன்னொரு புதிரும் உண்டு. புதிதாகக் கட்டிய மாடிக் குளியலறை பளிச்சென்று இருக்க, இருபது முப்பது ஆண்டுகளாகக் குறையின்றிப் பயன்பட்டுவந்த கீழ்க் குளியலறை அதன்பிறகு நாறத் தொடங்குகிறது. மேலே சேர்த்த ஓர் அறை கீழே உள்ள அறையைக் கெடுப்பது எவ்வாறு என்பது வீட்டுக்காரருக்கும், சில வேளைகளில் கட்டிய மேஸ்திரிக்கும் விளங்குவதில்லை.

இவ்விரு புதிர்களுக்கும் விடை ஒரே இடத்தில் இருக்கிறது. சாதாரண வீட்டில் நீர் உள்ளே வருவதும் வெளியே போவதும் பெரும்பாலும் புவியீர்ப்பினால் மட்டுமே நிகழ்கின்றன. புவியீர்ப்பு வேலை செய்வதற்கு உயர வேறுபாடு வேண்டும். பழைய வீடு கட்டப்பட்டபோதே அதன் உயரங்கள் அனைத்தும் முடிவாகிவிட்டமையால், இரண்டாவது குளியலறை அந்த எல்லைக்குட்பட்ட உயரத்திலிருந்தே தன் பங்கைப் பெற்றாக வேண்டும்.

எடுத்துக்காட்டுக்கு ஒரு வீடு

செய்தியைத் தெளிவாக்கக் கற்பனையாக ஒரு வீட்டை எடுத்துக்கொள்ளலாம். அது சென்னையில் 1970களில் கட்டப்பட்டது; கான்கிரீட் தளங்களும் ஒரு மாடியும் கொண்டது; ஐந்து பேர் வாழ்வது. தரைத்தளத்தின் பின்புறம் ஒரே குளியலறையும் கழிப்பிடமும் சேர்ந்து உள்ளன. மாடியில் இரண்டு படுக்கையறைகள் இருந்தும் குளியலறை இல்லாததால், அங்கே புதிதாக ஒன்று கட்ட வீட்டார் விரும்புகின்றனர்.

தரைத்தளத் தரையைப் பூச்சியமாகக் கொண்டால், மாடியின் தரை 3 மீட்டர் உயரத்திலும் மொட்டை மாடி 6 மீட்டர் உயரத்திலும் உள்ளன. மொட்டை மாடியில் 60 சென்டிமீட்டர் உயர மேடையின்மேல் 1,000 லிட்டர் தொட்டி நிற்கிறது. எனவே தொட்டியின் அடி 6.6 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இந்த வீடு முழுவதற்குமான நீர்க்கணக்கு இந்தச் சில எண்களிலேயே அடங்கியிருக்கிறது.

நீரைத் தள்ளும் உயரம்

ஒரு குழாயின் வாயில் நீருக்கு எவ்வளவு அழுத்தம் கிடைக்கும் என்பதை, அந்த வாய்க்கும் தொட்டியின் நீர்மட்டத்துக்கும் இடையேயுள்ள நேர்க்குத்து உயரமே தீர்மானிக்கிறது. தொட்டியில் எவ்வளவு நீர் இருக்கிறது என்பதோ தொட்டி எவ்வளவு அகலமானது என்பதோ அதைத் தீர்மானிப்பதில்லை. அந்த நேர்க்குத்து இடைவெளியை இங்கே நீருயரம் என்று குறிக்கலாம். பத்து மீட்டர் நீருயரம் ஏறத்தாழ ஒரு பார் அழுத்தத்துக்கு, அதாவது நம்மைச் சூழ்ந்துள்ள காற்றின் அழுத்தத்துக்குக் கிட்டத்தட்டச் சமமானது.

தொட்டியில் நீர் குறைந்து அடிமட்டத்தை நெருங்கியிருக்கும் நிலையை எடுத்துக்கொண்டால், தரைத்தளத்தில் 75 சென்டிமீட்டர் உயரத்திலுள்ள குழாய்க்குக் கிடைக்கும் நீருயரம் 5.85 மீட்டர் ஆகும். மாடிக் குளியலறையின் ஷவர் அதன் தரையிலிருந்து 2.1 மீட்டர் உயரத்தில், அதாவது மொத்தத்தில் 5.1 மீட்டர் உயரத்தில் பொருத்தப்படுவதால், அதற்குக் கிடைப்பது 1.5 மீட்டர் மட்டுமே. கீழ்க் குழாய்க்குள்ள அழுத்தத்தில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கே மேலே எஞ்சுகிறது. தொட்டிக்கு அருகில் இருப்பதே மாடி ஷவரின் குறைபாடு என்பது முதற் புதிரின் விடை.

இன்றைய கடைகளில் விற்கப்படும் ஷவர்கள் பல, அரை பார் அழுத்தத்தையோ அதற்கு மேலுமோ எதிர்பார்த்து வடிவமைக்கப்பட்டவை. அரை பார் என்பது 5 மீட்டர் நீருயரம். மாடியில் இருப்பதோ 1.5 மீட்டர். எனவே விலையுயர்ந்த ஷவரை வாங்கிப் பொருத்துவதால் இந்தக் குறை தீராது. உயரத்தைக் கூட்டுவது அல்லது அழுத்தமூட்டும் பம்ப் வைப்பது ஆகிய இரண்டு வழிகளே உள்ளன.

தொட்டியின் மேடையை 1.5 மீட்டர் உயர்த்தினால் தரைத்தளக் குழாயின் நீருயரம் 5.85 மீட்டரிலிருந்து 7.35 மீட்டராக, அதாவது நான்கில் ஒரு பங்கு மட்டுமே கூடுகிறது. மாடி ஷவருக்கோ அது 1.5 மீட்டரிலிருந்து 3 மீட்டராக, முழுமையாக இரு மடங்காகிறது. ஆனால் நிரம்பிய 1,000 லிட்டர் தொட்டியில் உள்ள நீர் மட்டும் ஒரு டன் எடையுடையது என்பதால், உயர்த்தப்படும் மேடையின் கால்கள் தளத்தின் நடுவில் ஊன்றப்படாமல், கீழேயுள்ள சுவர்கள் அல்லது தூண்களின்மேல் நிற்க வேண்டும். பம்ப் வைக்கும் வழி எளியதாயினும், மின்சாரம் நின்றால் நீரோட்டம் மீண்டும் பழைய நிலைக்கே திரும்பும்; மேலும், பழைய குழாய்களும் இணைப்புகளும் அந்தக் கூடுதல் அழுத்தத்தைத் தாங்குமா என்பதையும் முன்கூட்டியே அறிய வேண்டும்.

துருவேறிய குழாய் விழுங்கும் உயரம்

மேலே கண்ட நீருயரம் முழுவதும் குழாயின் வாய்வரை வந்து சேர்வதில்லை. நீர் குழாயின் உட்சுவரில் உராய்ந்து செல்வதாலும், ஒவ்வொரு எல்போவிலும் வால்விலும் திரும்பிச் சுழல்வதாலும் அதன் ஒரு பகுதி வழியிலேயே செலவாகிறது. பழைய வீடுகளில் இந்தச் செலவு எதிர்பாராத அளவுக்கு மிகுதியாக இருக்கும்.

எடுத்துக்காட்டு வீட்டில் இருப்பவை ஜி.ஐ. குழாய்கள், அதாவது துத்தநாகம் பூசிய இரும்புக் குழாய்கள். அந்தப் பூச்சு ஆண்டுக்கணக்கில் கரைந்து தேய்ந்தபின் உள்ளிருக்கும் இரும்பு துருப்பிடிக்கிறது. உப்பு மிகுந்த ஆழ்துளைக் கிணற்று நீர் ஓடும் வீடுகளில் துருவோடு சுண்ணப்படிவும் சேர்ந்து குழாயின் உள்வழி குறுகுகிறது. வெளியிலிருந்து பார்க்கும்போது குழாயின் பருமன் மாறாமல் இருப்பதால், இந்தக் குறுக்கம் கண்ணுக்குப் புலப்படுவதில்லை.

குறுக்கத்தின் விளைவு அதன் அளவைவிடப் பன்மடங்கு பெரிது. ஒரே அளவு நீரைச் செலுத்தும்போது உராய்வில் செலவாகும் உயரம், குழாயின் உள்விட்டம் பாதியானால் இரு மடங்கோ நான்கு மடங்கோ ஆவதில்லை. ஏறத்தாழ 32 மடங்காகிறது. உள்விட்டம் 20 மில்லிமீட்டரிலிருந்து 14 மில்லிமீட்டராகக் குறைந்தால் உராய்வுச் செலவு சுமார் ஆறு மடங்காகும். அதே நீருயரத்தில் கிடைக்கும் நீரின் அளவு பத்தில் நான்கு பங்காகச் சுருங்கும். துருவின் சொரசொரப்பையும் கணக்கில் சேர்த்தால் நிலைமை இன்னும் மோசமாகும். ஆறு மீட்டர் நீருயரமுள்ள தரைத்தளக் குழாய் இந்த இழப்பைப் பொறுத்துக்கொண்டது. ஒன்றரை மீட்டர் மட்டுமே உள்ள மாடி ஷவர் பொறுக்காது.

இன்னொரு சிக்கல், பழைய குழாயும் புதிய குளியலறையும் ஒரே இறங்குகுழாயைப் பகிர்ந்துகொள்ளும்போது எழுகிறது. தொட்டியிலிருந்து மாடிக் கிளை பிரியும் டீ இணைப்புவரை உள்ள பொதுப் பகுதியில், மாடி ஷவரின் நீரும் தரைத்தளக் குழாயின் நீரும் சேர்ந்தே ஓடுகின்றன. அந்தப் பகுதியில் நீரோட்டம் இரு மடங்கானால் உராய்வுச் செலவு சுமார் நான்கு மடங்காகிறது. அந்தச் செலவு 1.5 மீட்டரைத் தொட்ட கணத்தில் மாடி ஷவர் முற்றிலும் நின்றுவிடும். கீழே யாரோ வாளிக்குத் தண்ணீர் பிடிக்கும்போது மேலே குளிப்பவருக்கு நீர் அறுந்துபோவதன் காரணம் இதுவே.

எனவே மாடிக் குளியலறைக்கு நீர் கொடுப்பதற்குச் சிறந்த வழி, பழைய குழாயில் கிளை எடுக்காமல், தொட்டியிலிருந்தே தனி வால்வுடன் ஒரு தனிக் குழாயை இறக்குவதாகும். கிடைக்கும் உயரம் குறைவாக இருப்பதனாலேயே அந்தக் குழாய் தாராளமான விட்டம் உடையதாகவும், இயன்றவரை திருப்பங்கள் குறைந்ததாகவும் இருக்க வேண்டும். கீசரிலிருந்து வரும் வெந்நீர்ப் பகுதிக்கு வெப்பம் தாங்கும் சி.பி.வி.சி. குழாயைப் பயன்படுத்த வேண்டும். பழைய இரும்புக் குழாயோடு செம்பையோ பித்தளையையோ நேரடியாக இணைத்தால், ஈரத்தின் நடுவே இரு வேறு உலோகங்கள் தொட்டுக்கொள்வதால் இரும்பு விரைந்து அரிக்கும் என்பதும் நினைவிற்கொள்ளத்தக்கது.

வெளியேறும் நீருக்கு வாட்டம்

உள்ளே வரும் நீருக்குக் குழாய் மேலும் கீழும் வளைந்து சென்றாலும் தடையில்லை. அழுத்தம் அதைத் தள்ளிச் செல்லும். வெளியேறும் கழிவுநீருக்கு அத்தகைய அழுத்தம் இல்லை. அது பாதி நிரம்பிய குழாயில், கட்டடப் பணியாளர்கள் வாட்டம் என்று சொல்லும் சரிவின் துணையோடு மட்டுமே ஓடுகிறது. சரிவு போதாவிட்டால் நீரின் வேகம் குறைந்து, சுமந்துவந்த திடக்கழிவுகளை அது வழியிலேயே விட்டுச்செல்கிறது. நாளடைவில் அவை இறுகி அடைப்பாகின்றன.

நான்கு அங்குலக் கழிவுக் குழாய்க்கு 40 மீட்டருக்கு 1 மீட்டர், அதாவது ஒவ்வொரு மீட்டர் நீளத்துக்கும் 2.5 சென்டிமீட்டர் வாட்டம் என்பது நெடுங்காலமாகக் கட்டடத்துறையில் கையாளப்பட்டுவரும் அளவு. ஆறு அங்குலக் குழாய்க்கு 60 மீட்டருக்கு 1 மீட்டர் போதும். இந்த அளவு சிறியதாகத் தோன்றினாலும், பழைய வீட்டில் குளியலறை எங்கே அமையலாம் என்பதை அதுவே முடிவுசெய்கிறது.

எடுத்துக்காட்டு வீட்டார் குளியலறைக்கு இரண்டு இடங்களைக் கருதுகின்றனர் என்று கொள்வோம். முதலாவது, முன்புறப் படுக்கையறையின் உள் மூலை. அங்கிருந்து பின்சுவரில் இறங்கும் கழிவுக் குழாய்க்கு 6 மீட்டர் தூரம். இரண்டாவது, பின்புறப் படுக்கையறையில், கீழ்க் குளியலறைக்கு நேர் மேலே, வெளிச்சுவரை ஒட்டிய இடம். அங்கிருந்து கழிவுக் குழாய்க்கு ஒரு மீட்டர் தூரமே.

முதல் இடத்தில் 6 மீட்டர் நீளத்துக்கு வாட்டம் மட்டுமே 15 சென்டிமீட்டர் வேண்டும். அதனுடன் 11 சென்டிமீட்டர் பருமனுள்ள குழாயும், அதன்மேல் பூச்சும் டைல்ஸும் சேர்ந்தால், மூலையில் மறைக்கவேண்டிய ஆழம் 30 சென்டிமீட்டரைத் தாண்டுகிறது. புதிய கட்டடங்களில் இதற்காகவே குளியலறைப் பகுதியின் தளத்தைச் சுற்றியுள்ள தளத்தைவிடத் தாழ்வாக வார்க்கின்றனர். சங்கன் ஸ்லாப் என்று கட்டடப் பணியில் வழங்கும் அந்தத் தாழ்தளம் பழைய வீட்டில் இல்லை. அங்கே ஆழம் வேண்டுமானால் தரையைத்தான் உயர்த்த வேண்டும். தரை 30 சென்டிமீட்டர் உயர்ந்தால் அதன்மேல் நிற்கும் ஷவரும் அதே அளவு உயர்கிறது. ஏற்கெனவே சுருங்கிய 1.5 மீட்டர் நீருயரம் 1.2 மீட்டராகக் குறைகிறது. கழிவு வெளியேற எடுத்துக்கொண்ட உயரம், நன்னீர் உள்ளே வரும் உயரத்திலிருந்து கழிகிறது. போதாக்குறைக்கு, அந்த 6 மீட்டர் குழாய் வழியிலுள்ள அறைகளின் தரையிலோ, கீழ் அறையின் கூரைக்கு அடியிலோ செல்ல நேரிடும்.

இரண்டாவது இடத்தில் வாட்டத்துக்குச் செலவாவது 2.5 சென்டிமீட்டர் மட்டுமே. மேலும், வெஸ்டர்ன் டாய்லெட்டில் இரு வகைகள் உண்டு: கழிவு நேரே தரைக்குள் இறங்கும் எஸ் டிராப் வகை ஒன்று, தரையிலிருந்து சுமார் 18 சென்டிமீட்டர் உயரத்தில் பின்சுவர் வழியாகக் கிடையாக வெளியேறும் பி டிராப் வகை மற்றொன்று. வெளிச்சுவரை ஒட்டிய குளியலறையில் பி டிராப் வகையைப் பொருத்தினால், கழிப்பிடத்துக்காகத் தரையை உயர்த்தவோ தளத்தைத் துளைக்கவோ வேண்டியதே இல்லை. குளியல் நீர் வடியும் தரை வடிகாலுக்காக மட்டும், ஒரு படி அளவுக்கு, சுமார் 15 சென்டிமீட்டர் உயர்த்தினால் போதும்.

தளத்தின்மேல் ஏறும் எடை

தரையை உயர்த்துவதற்கு விலை உயரம் மட்டுமன்று; எடையும்தான். நிரப்பப் பயன்படும் செங்கல் ஜல்லியும் மணலும் காரையும் சேர்ந்து ஒரு கன மீட்டருக்குச் சுமார் 1,700 கிலோ எடையுடையவை என்று கொண்டால், 2.4 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் உள்ள குளியலறையில் 30 சென்டிமீட்டர் நிரப்புவதற்கு ஏறத்தாழ 1.8 டன் தேவைப்படும். ஒரு சதுர மீட்டருக்கு 500 கிலோவுக்குச் சற்று மேல். இந்தியத் தரநிலைகளின்படி, வீட்டு அறைகளின் தளங்கள் தம் சொந்த எடைக்கும் பூச்சுகளுக்கும் அப்பால் சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 200 கிலோ பயன்பாட்டுச் சுமையைத் தாங்குமாறு வடிவமைக்கப்படுகின்றன. ஐம்பது ஆண்டுகள் பழைமையான, கம்பிகளில் துருவேறியிருக்கக்கூடிய தளத்தின்மேல் அதைப்போல் இரண்டரை மடங்குச் சுமையை நிலையாக ஏற்றுவது, பொறியாளரின் ஆய்வின்றிச் செய்யத்தகாத செயல்.

அதே குளியலறையில் 15 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, கன மீட்டருக்கு 700 கிலோ அளவிலான காற்றேற்றிய இலகு கான்கிரீட்டை நிரப்பினால் சதுர மீட்டருக்குச் சுமார் 105 கிலோ மட்டுமே சேர்கிறது. இது முதற்சொன்ன சுமையில் ஐந்தில் ஒரு பங்கு. எனினும் அத்தகைய நிரப்பு நீரை உறிஞ்சக்கூடியது என்பதால், அதன் அடியிலும் மேலும் நீர்க்காப்புப் பூச்சு அவசியம்.

மரக் கட்டைகளின்மேல் செங்கற்களை நெருக்கி நிறுத்திச் சுண்ணாம்பினால் பூசிய மெட்ராஸ் டெரஸ் கூரைகள் கொண்ட இன்னும் பழைய வீடுகளுக்கு இந்தக் கணக்கே பொருந்தாது. அங்கே ஒரு கட்டையை வெட்டுவது கூரையின் உறுதியையே குலைக்கும். ஈரக்கசிவு தேக்கு மரத்தையும் நாளடைவில் உளுத்துப்போகச் செய்யும். அத்தகைய வீடுகளில், மேல்தளத்தில் அல்லாமல், தரைத்தளத்தில் வெளிச்சுவரை ஒட்டித் தனி அடித்தளத்துடன் குளியலறையைக் கட்டுவதே தக்கது.

ஐந்து சென்டிமீட்டர் நீர்ப்பூட்டு

இனி இரண்டாவது புதிருக்கு வரலாம். கழிப்பிடத்திலும் தரை வடிகாலிலும் குழாய் ஒருமுறை வளைந்து, அந்த வளைவில் எப்போதும் சிறிது நீரைத் தேக்கிவைக்கிறது. அந்தத் தேக்கம் சாக்கடை வாயுவையும் பூச்சிகளையும் உள்ளே வரவிடாமல் தடுப்பதால், அதை நீர்ப்பூட்டு என்று அழைக்கலாம். வளைவுள்ள உறுப்பையே பிளம்பர்கள் டிராப் என்கின்றனர். ஸ்காட்லாந்தில் பிறந்து லண்டனில் கடிகாரங்கள் செய்துவந்த அலெக்சாண்டர் கம்மிங், 1775ஆம் ஆண்டில் எஸ் வடிவ வளைவு கொண்ட கழிப்பிடத்துக்குக் காப்புரிமை பெற்றார். இன்றைய ஃப்ளஷ் கழிப்பிடங்கள் பெரும்பாலும் அந்தக் கருத்தையே பின்பற்றுகின்றன.

இந்தப் பூட்டின் ஆழம் வழக்கமாக 5 சென்டிமீட்டர் அளவிலேயே இருக்கிறது. காற்றழுத்தம் பத்து மீட்டர் நீருயரத்துக்குச் சமம் என்பதை நினைவுகூர்ந்தால், 5 சென்டிமீட்டர் என்பது அதில் இருநூறில் ஒரு பங்கு. குழாய்க்குள் காற்றழுத்தம் அந்த அளவுக்குக் குறைந்தாலே போதும். அறையின் காற்று பூட்டிலுள்ள நீரைக் குழாய்க்குள் தள்ளிவிடும்.

அத்தகைய அழுத்த மாற்றத்தைத்தான் புதிய மாடிக் கழிப்பிடம் உண்டாக்குகிறது. ஃப்ளஷ் செய்த நீர் கழிவு இறங்குகுழாயில் விழும்போது தனக்கு முன்னாலுள்ள காற்றை அழுத்திக்கொண்டும், தனக்குப் பின்னால் காற்றை இழுத்துக்கொண்டும் செல்கிறது. தலைகீழாகக் கவிழ்த்த பாட்டிலிலிருந்து நீர் விட்டுவிட்டுக் குடகுடவென்று வெளியேறுவது, உள்ளே காற்று நுழைய வேறு வழி இல்லாமையால்தான். இறங்குகுழாயின் மேல்முனை மூடியிருந்தால் அங்கும் இதுவே நிகழ்கிறது: விழும் நீருக்கு வேண்டிய காற்று, கிடைக்கும் ஒரே வழியான கீழ்க் குளியலறையின் நீர்ப்பூட்டை உடைத்துக்கொண்டு நுழைகிறது. மேலே ஃப்ளஷ் செய்யும்போது கீழே தரை வடிகாலில் எழும் குடகுடச் சத்தம், பூட்டு உடைவதன் அறிவிப்பு. பூட்டு உடைந்தபின் வருவது நாற்றம்.

இதற்கான தீர்வு எளியது. செலவும் மிகக் குறைவு. இறங்குகுழாயை மாடிக் கழிப்பிடத்தோடு நிறுத்தாமல், அதே விட்டத்தில் மேலே நீட்டி, மொட்டை மாடியில் நிற்பவரின் தலைக்கும் மேலாக வானை நோக்கித் திறந்துவிட வேண்டும். இந்தக் காற்றுக்குழாயின் முனை சன்னல்களுக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அருகில் அமையக் கூடாது; பறவைகள் கூடுகட்டாதவாறு அதன்மேல் மூடியும், கொசுக்கள் நுழையாதவாறு வலையும் இருக்க வேண்டும். தோற்றத்துக்காகவோ, ஒரு குழாய்த் துண்டின் செலவை மிச்சப்படுத்தவோ இதை வெட்டி மூடுவது, இரண்டு குளியலறைகளையும் கெடுக்கும் செயலாகும்.

நீர்ப்பூட்டுக்கு இன்னொரு பகையும் உண்டு. விருந்தினருக்கென்று ஒதுக்கப்பட்ட, பல வாரங்கள் பயன்படாத குளியலறையில் பூட்டு நீர் ஆவியாகி வற்றிவிடுகிறது. இது நாற்றத்தோடு முடியும் செய்தி அன்று என்பதை 2003ஆம் ஆண்டில் ஹாங்காங்கின் அமாய் கார்டன்ஸ் குடியிருப்பு உலகுக்குக் காட்டியது. அங்கே சார்ஸ் நோய் 300க்கும் மேற்பட்டோருக்குப் பரவியதற்கான காரணத்தை ஆராய்ந்தவர்கள், குளியலறைகளின் தரை வடிகால்களில் நீர்ப்பூட்டு வற்றியிருந்ததையும், காற்றை வெளியேற்றும் மின்விசிறிகள் அந்த வழியே கழிவுக் குழாயின் காற்றை அறைக்குள் இழுத்திருக்கக்கூடும் என்பதையும் சுட்டிக்காட்டினர். பயன்படாத குளியலறையின் வடிகாலில் வாரம் ஒருமுறை ஒரு குவளை நீர் ஊற்றுவது, அவ்வளவு பெரிய ஆபத்துக்கு எதிரான மிகச் சிறிய காப்பு.

மழைநீர்க் குழாயில் சேர்க்கக் கூடாது

பழைய வீடுகளில் கழிப்பிடக் கழிவுக்கு ஒரு குழாயும், குளியல் நீருக்கு வேறொரு குழாயும் தனித்தனியே இறங்குவது வழக்கம். குளியல் நீர்க் குழாய் தரையில் கல்லி டிராப் எனப்படும் நீர்ப்பூட்டுத் தொட்டியைக் கடந்த பின்னரே, கழிவுக் குழாய்கள் வந்து கூடும் மூடியிட்ட தொட்டியாகிய சேம்பரை அடைகிறது. மாடியில் புதிய குளியலறை வரும்போது, அருகில் தயாராக நிற்கும் மழைநீர்க் குழாயில் குளியல் நீரை இணைத்துவிடும் தவறான பழக்கம் பல இடங்களில் காணப்படுகிறது. தமிழ்நாட்டில் 2003ஆம் ஆண்டு முதல் கட்டடங்களில் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டதால், அந்தக் குழாய் பெரும்பாலும் நீர் உறிஞ்சும் கிணற்றிலோ குழியிலோ முடிகிறது. சோப்பும் அழுக்கும் கலந்த நீரை அதில் விடுவது, அந்த வீட்டாரும் அண்டை வீட்டாரும் இறைக்கும் நிலத்தடி நீரிலேயே கழிவைக் கலப்பதாகும். தெரு மழைநீர் வடிகாலில் அந்தக் குழாய் முடிந்தாலும் தீங்கு குறைவதில்லை. அந்தக் கழிவு ஆற்றையோ ஏரியையோ சென்று சேர்கிறது.

அறைகளின் கணக்கும் ஆட்களின் கணக்கும்

குளியலறை இரண்டானால் கழிவுநீரும் இரு மடங்காகும், ஆகவே செப்டிக் டேங்கையும் இரு மடங்காக்க வேண்டும் என்பது பலருடைய எண்ணம். ஆனால் மனிதரின் தேவையே நீரைச் செலவழிக்கிறது. அறைகளின் எண்ணிக்கை அதைச் செலவழிப்பதில்லை. ஃப்ளஷ் வசதியுள்ள நகர வீடுகளுக்கு ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்ற வழக்கமான இந்திய அளவை எடுத்துக்கொண்டால், ஐந்து பேர் கொண்ட எடுத்துக்காட்டு வீட்டுக்கு 675 லிட்டர் ஆகிறது; குளியலறை ஒன்றானாலும் இரண்டானாலும் இந்த அளவு பெரிதாக மாறாது. மாடி புதிய குடும்பம் ஒன்றுக்கு வாடகைக்கு விடப்பட்டால் மட்டுமே ஆட்களின் எண்ணிக்கை கூடி, செப்டிக் டேங்கின் கொள்ளளவை மீண்டும் கணக்கிட வேண்டிய தேவை எழுகிறது.

இரண்டு குளியலறைகளும் ஒரே கணத்தில் பயன்படுவதைக் குழாய் தாங்குமா என்பது வேறு கேள்வி. அமெரிக்காவின் தேசியத் தரநிலைகள் நிறுவனத்தில் பணியாற்றிய ராய் ஹண்டர், 1940ஆம் ஆண்டில் இதற்கு நிகழ்தகவின் துணையோடு விடை கண்டார்: கட்டடத்திலுள்ள எல்லாக் குழாய்களும் ஒரே நேரத்தில் திறக்கப்படும் வாய்ப்பு மிகக் குறைவு என்பதால், அவற்றின் கூட்டுத்தொகைக்கு அன்றி, ஒருங்கே நிகழக்கூடிய உச்ச அளவுக்கே குழாயை வடிவமைத்தால் போதும். நான்கு அங்குல இறங்குகுழாய் இரண்டு குளியலறைகளுக்குத் தாராளமாகப் போதும் என்பதும் இதனால் விளங்கும். கெடாத நிலையில் இருந்தால் பழைய குழாயையே பயன்படுத்தலாம்.

நிலத்தடியிலுள்ள பகுதியில்தான் உண்மையான ஐயம் இருக்கிறது. அக்காலத்துப் பீங்கான் குழாய்களின் சிமெண்ட் இணைப்புகளில் விரிசல் விழுந்து, அவற்றினூடே மர வேர்கள் நுழைந்திருக்கலாம். சாலைகள் மீண்டும் மீண்டும் மேலே மேலே போடப்பட்டு உயர்ந்துவிட்ட தெருக்களில், பழைய வீட்டின் சேம்பர் தெருமட்டத்துக்கும் கீழே தாழ்ந்துபோயிருக்கலாம். வெளியே அடைப்பு ஏற்பட்டால் கழிவுநீர் மிகத் தாழ்ந்த வாயிலைத் தேடி வெளிப்படும். மாடியில் ஊற்றிய நீர் தரைத்தளக் குளியலறையில் பொங்கும். ஆகவே, மாடியில் சுவர் எழுப்புவதற்கு முன் சேம்பரின் மூடியைத் திறந்து, மேலிருந்து ஒரு வாளி நீரை ஊற்றி, அது தங்காமல் ஓடுகிறதா என்று பார்ப்பது இன்றியமையாதது.

வேலையின் வரிசை

இதுவரை கண்டவற்றிலிருந்து வேலையின் வரிசை தானே தெளிவாகிறது. முதலில் சேம்பரும் நிலத்தடிக் குழாயும். அடுத்து இறங்குகுழாயும் அதன் காற்றுவழியும். அதன்பின் கழிப்பிடத்தின் இடம். பின்னர் தளத்தின் வலிமை. இறுதியாகத் தொட்டியிலிருந்து வரும் தனிக் குழாய். கழிவுநீர் போகும் திசைக்கு எதிராக, அதன் முடிவிலிருந்து தொடக்கத்தை நோக்கித் திட்டமிட வேண்டும். டைல்ஸையும் ஷவரையும் முதலில் தேர்ந்துவிட்டுக் குழாயைப் பிறகு பார்ப்போர், குழாயின் விதிகளுக்காகச் சுவரை மீண்டும் உடைக்க நேர்கிறது.

குழாய்களை மூடுவதற்கு முன் இரண்டு சோதனைகளைத் தவிர்க்கக் கூடாது. கழிவுக் குழாயின் கீழ்முனையை அடைத்து நீர் நிரப்பி, இணைப்புகளில் கசிவு உண்டா என்று பார்ப்பது ஒன்று. நீர்க்காப்புப் பூச்சு முடிந்தபின் தரையில் நீரைத் தேக்கி, இரண்டு நாள் கழித்துக் கீழ் அறையின் கூரையில் ஈரம் தெரிகிறதா என்று பார்ப்பது மற்றொன்று. மூடப்போகும் குழாய்களைச் சுவரிலிருந்து அவை உள்ள தூரத்தோடு படமெடுத்து, வீட்டுப் பத்திரங்களோடு சேர்த்து வைப்பது அடுத்த தலைமுறைக்குச் செய்யும் உதவி.

வாட்டம் தவறிய குழாயின் விளைவைக் கடைசியில் ஏற்பவர் அந்த வீட்டார் மட்டும் அல்லர். அடைபட்ட சேம்பரையும் செப்டிக் டேங்கையும் திறக்க அழைக்கப்படும் தொழிலாளியும் அதை ஏற்கிறார். அங்கே தேங்கும் ஹைட்ரஜன் சல்பைடு வாயு சில நொடிகளில் உயிரைப் பறிக்கக்கூடியது. உரிய பாதுகாப்பின்றி மனிதரைச் சேம்பருக்குள்ளோ செப்டிக் டேங்குக்குள்ளோ இறக்குவது 2013ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். குளியலறை கட்ட முனையும் ஒவ்வொருவரும் இந்த ஒன்றை உறுதியாக்கிக்கொள்ள வேண்டும்: தம் வீட்டுக் கழிவு தானாகவே ஓடிச் சேரும் அளவுக்கு வாட்டம் இருக்க வேண்டும், அடைப்பு நேர்ந்தாலும் அதை நீக்கக் கருவி மட்டுமே இறங்க வேண்டும், மனிதர் இறங்கக் கூடாது.